கிறுக்கலில் தொடங்கி ஃபிரேம் வரை: ஓர் ஓவியம் உருவாகும் விதம்

கைப்பேசியில் ஓவியம் வரையும் வீடியோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. ஒரு வெள்ளைத்தாள், ஒரு கை, ஒரு தூரிகை. முப்பது வினாடியில் ஒரு முகமோ மழை பெய்யும் தெருவோ முழுசாக வந்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவியத்தை இந்த வீடியோக்கள் வழியாகவே தெரிந்துகொண்டவர்களில் பலர், 'திறமை இருக்கிறவர் நேராக வரைந்துவிடுவார், எனக்கு அப்படி வரவில்லை, அதனால் எனக்குத் திறமை இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள்கூட இதைச் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது.

பெங்களூரில் இந்த எண்ணத்தை நேரிலேயே கேட்கலாம். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சித்ர சந்தை, வழக்கமாக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையில் கூடும். வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையையே ஓவியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களிலிருந்து வந்து கடை போடுவார்கள். அங்கே எந்த ஓவியர் பக்கத்தில் நின்றாலும் இரண்டு கேள்விகள் காதில் விழும். "இதை வரைய எவ்வளவு நேரம் ஆச்சு?" "பார்த்து வரைஞ்சதா, சொந்தமா வரைஞ்சதா?"

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. முடிந்த படம் மட்டும்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அதற்கு முன் நடந்ததை மறைக்கும் பழக்கமும் பழையது. மைக்கலாஞ்சலோ தன் கடைசிக் காலத்தில் கோட்டோவியங்கள் பலவற்றை எரித்துவிட்டதாக, அவரை நேரில் அறிந்தவரும் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதியவருமான வசாரி எழுதியிருக்கிறார். தான் பட்ட பாட்டை யாரும் பார்க்கக்கூடாது, குறையில்லாதவராகவே தெரிய வேண்டும் என்பதுதான் அதற்கு வசாரி சொல்லும் காரணம்.

ஓவியம் பல கட்டங்களில் உருவாகிறது என்பது பலருக்கும் ஓரளவு தெரியும். அந்தக் கட்டங்கள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பதுதான் தெரிவதில்லை. அது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

சாக்பீஸ் கோடும் கத்தரிக்கோலும்

ரவிக்கை தைக்கும் டெய்லரைக் கவனியுங்கள். துணியை விரித்தவுடன் வெட்ட மாட்டார். முதலில் அளவெடுப்பார். அப்புறம் சாக்பீஸால் கோடு போடுவார். கோடு சரியில்லை என்றால் கையால் தட்டிவிட்டு வேறு கோடு போடுவார். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். கோட்டை மாற்றச் செலவே இல்லை. வெட்டிய துணியை மாற்றவே முடியாது. அதனால் யோசனை முழுவதும் சாக்பீஸ் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கத்தரிக்கோலை எடுக்கும்போது அவர் கை தயங்குவதில்லை.

ஓவியத்தின் வரிசையும் இதேதான். எந்தத் தவறைத் திருத்துவது பின்னால் மிகவும் கஷ்டமோ, அதை மாற்றுவது சுலபமாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ரஃப் ஸ்கெட்ச் என்பது சாக்பீஸ் கோடு. அது சரியாக வராத ஓவியம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் அது.

தீப்பெட்டி அளவில் ஒரு படம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் ஓர் ஓவியர் இருக்கிறார். நீர்வண்ணம்தான் அவர் வேலை. தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு பூக்கடை. உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறார். படத்தில் இருப்பது அவ்வளவுதான்.

முதலில் அக்கா வரைந்தவை தீப்பெட்டி அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்கள். இவற்றை ஓவியர்கள் தம்ப்நெயில் என்பார்கள். படத்தின் மொத்த அமைப்பை மட்டும் சோதித்துப் பார்க்கும் குட்டிக் கிறுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முகம் கிடையாது, விரல் கிடையாது. அந்த அம்மா ஒரு முக்கோணம், பூக்குவியல் ஒரு வட்டம், கோபுரம் ஒரு நீளக் கட்டம்.

ஒரு தம்ப்நெயிலில் கோபுரம் பெரிதாக நிற்க, கடை கீழே சின்னதாகிவிட்டது. கோயிலைப் பற்றிய படமாகிவிட்டது அது. இன்னொன்றில் பூத்தொடுக்கும் கைகள் மட்டும். அழகுதான், ஆனால் அல்சூர் காணாமல் போய்விட்டது. வேறொன்றில் கடையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்திருந்தார். உள்ளே இருட்டு, வாசலில் பூக்குவியல் மேல் வெளிச்சம், தூரத்தில் கோபுரத்தின் ஒரு துண்டு. அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

படத்தில் எது எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் காம்போசிஷன் என்று பெயர். எந்தக் கட்டத்தையும் அவர் அழகாக வரைய முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏன் என்று கேட்டேன். "அழகா வரைஞ்சிட்டா அதைத் தூக்கிப் போட மனசு வராதுப்பா" என்றார். இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. முதல் ஸ்கெட்சையே நேர்த்தியாக முடித்துவிடுகிறவர்கள், அது தப்பான அமைப்பாக இருந்தாலும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்

அடுத்து வருவது நிறம் என்று நினைப்போம். இல்லை. அதற்கு முன் டோன் என்று ஒன்று இருக்கிறது. ஓர் இடம் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்ற அளவுதான் டோன். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் ஒரே அளவு இருட்டாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த சிவப்பு ரோஜா, பச்சை இலையோடு கலந்து ஒரே சாம்பலாகிவிடும்.

தூரத்திலிருந்து ஒரு படம் நம்மை இழுக்கிறது என்றால் பெரும்பாலும் டோன்தான் இழுக்கிறது. நிறம் அப்புறம்தான் வேலை செய்கிறது. அதனால் அக்கா அரைப் பக்க அளவில் பென்சிலால் மூன்றே அளவுகள் வைத்து ஒரு ஸ்கெட்ச் போட்டார். தாள் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், நல்ல கறுப்பு. கடையின் உட்புறம் முழுவதும் கறுப்பு. அந்த அம்மாவின் புடவையும் தரையும் சாம்பல். மல்லிகை வெள்ளை.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. மல்லிகைக் குவியலின் வலப்பக்கம் சாலை இருந்தது, அதுவும் வெளிச்சம். வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை. பூக்குவியல் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அக்கா அங்கே ஒரு சாக்குமூட்டையின் நிழலைக் கொண்டுவந்து வைத்தார். உண்மையில் மூட்டை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. பென்சிலில் இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வண்ணம் போட்ட பிறகு தெரிந்திருந்தால் படமே போயிருக்கும்.

இதுவரை பார்த்ததில் நல்ல தாள் இன்னும் வெளியே வரவேயில்லை. எது எங்கே என்பதைத் தம்ப்நெயில் முடிவு செய்தது. எது வெளிச்சம், எது இருட்டு என்பதை டோன் ஸ்கெட்ச் முடிவு செய்தது. ஒவ்வொரு ஸ்கெட்சும் ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. எல்லாக் கேள்விகளையும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் புதிதாக வரைபவர்கள் திணறுகிறார்கள்.

நல்ல தாளுக்கு மாற்றுவது

நீர்வண்ணத்துக்கு ஓவியர்கள் பெரும்பாலும் விரும்புவது 300 ஜிஎஸ்எம் தாள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். நம் வீட்டு பிரின்டரில் போடுவது 70 அல்லது 80 ஜிஎஸ்எம்தான் இருக்கும். அதில் நிறையத் தண்ணீர் பட்டால் தாள் நெளிந்துவிடும். 300 தாங்கும். ஆனால் அந்தத் தாளிலும் பென்சிலால் கண்டபடி வரைந்து ரப்பரால் தேய்த்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு பிய்ந்து நார் எழும்பிவிடும். அந்த இடம் மட்டும் வண்ணத்தை வேறு மாதிரி உறிஞ்சி, திட்டுத் திட்டாகத் தெரியும். வரைந்து பழகுவதை வேறு தாளில் முடித்துக்கொண்டு, தெளிவான கோடுகளை மட்டும் நல்ல தாளுக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

கொண்டுவர வழிகள் பல. ஸ்கெட்சை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி அதன் மேல் மெல்லிய தாளை வைத்து நகலெடுக்கலாம். தாள் தடிமனாக இருந்தால் ஸ்கெட்சின் பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு, கோடுகளின் மேல் அழுத்தி வரைந்து கீழே பதியவைக்கலாம். இன்னொன்று கிரிட் முறை. சின்னப் படத்தின் மேல் சம அளவுக் கட்டங்கள், பெரிய பரப்பில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்த்து வரைவது. பழைய எகிப்தியர்கள் சுவரில் கட்டம் போட்டு வரைந்திருக்கிறார்கள். நம் சினிமா பேனர் ஓவியர்கள் கையளவு ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் தெருவை அடைக்கிற அளவு நாயகர்களை வரைந்தார்கள்.

'டிரேஸ் எடுப்பது ஏமாற்று வேலை' என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தான் யோசித்து வரைந்த ஸ்கெட்சைத் தானே நகலெடுப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. இன்னொருவர் படத்தை நகலெடுத்துத் தன் பெயர் போடுவது வேறு விஷயம், அது திருட்டு.

சித்ர சந்தையில் கேட்கும் அந்த 'பார்த்து வரைஞ்சதா' என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஓவியர் பார்த்து வரைய வைத்துக்கொள்ளும் பொருள், ஆள், புகைப்படம் எல்லாமே ரெஃபரன்ஸ்தான். ஆனந்த விகடனில் வந்த ஓவியர் சில்பியின் கோட்டோவியங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து பார்த்து வரைந்தவை அவை. பார்த்து வரைந்ததால் அவர் குறைந்துபோகவில்லை. பார்ப்பதும் ஒரு திறமை, பழக்கினால்தான் வரும்.

வண்ணம் மாறினால் வரிசையும் மாறும்

எல்லா ஓவியத்துக்கும் ஒரே வரிசை கிடையாது. திருத்த முடியுமா, எவ்வளவு நேரம் வரை திருத்தலாம் என்பதை வண்ணத்தின் குணம்தான் தீர்மானிக்கிறது.

நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் வண்ணம். அதன் வெளிச்சம் கீழே இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருகிறது. வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். மேலே மேலே பூசினால் இருட்டுதான் கூடும், எனவே வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போவார்கள். அக்கா முதலில் போட்டது ஒரு வாஷ். நிறையத் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைப் பெரிய தூரிகையால் நிறுத்தாமல் பரப்புவதுதான் வாஷ். இளமஞ்சள் வாஷ் ஒன்று தாள் முழுவதும் ஓடியது, மல்லிகை இருக்க வேண்டிய இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. அது காய்ந்த பிறகு புடவையும் தரையும். அதுவும் காய்ந்த பிறகு கடையின் இருட்டு.

இருட்டு வைக்கும்போது அருகில் நின்று பார்த்தேன். நுனி கூர்மையான தூரிகையில் அடர்நீலமும் பழுப்பும் கலந்து எடுத்துக்கொண்டு, குவியலின் விளிம்பில் மொட்டு மொட்டாக வெட்டி வெட்டிப் பூசினார். கோணல் மாணலான அந்த விளிம்பு வந்ததும், அதுவரை வெறும் தாளாக இருந்த இடம் மல்லிகையாகிவிட்டது. மல்லிகையின் மேல் ஒரு சொட்டு வண்ணம்கூடப் படவில்லை. சுற்றியிருக்கும் இருட்டைத்தான் வரைந்தார். வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று முதல் வாஷுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் இது முடியும். டோன் ஸ்கெட்ச் எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும்.

எண்ணெய் வண்ணம் வேறு ரகம். அதில் நிறப்பொடியைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சுரண்டலாம், துடைக்கலாம், மேலே வேறு நிறம் போட்டு மூடலாம். ஆகவே எண்ணெய் ஓவியர்களுக்குக் கேன்வாஸ் மேலேயே மனம் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. முதலில் ஒரே நிறத்தில் வெளிச்சத்தையும் இருட்டையும் பூசிவைப்பார்கள். இது அடிவண்ணம். மேல் பூச்சுகளில் எண்ணெய் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கீழே எண்ணெய் அதிகமாக இருந்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, பிறகு வெடித்துவிடும்.

அக்ரிலிக் நீரில் கரையும், நிமிடங்களில் காயும், காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் இளகாது. மேலே வேறு நிறம் பூசி மூடிவிடலாம் என்பதால் தொடக்கக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பெங்களூரில் தஞ்சாவூர் ஓவியம் கற்கும் தமிழர்கள் நிறையப் பேர். அதில் துணி ஒட்டிய பலகையில் வரைபடம் போட்டு, கற்கள் பதித்து, மேடான வேலைப்பாட்டைப் பசைக்கலவையில் எழுப்பி, தங்கத்தாள் ஒட்டிய பிறகுதான் வண்ணத்துக்கே வருவார்கள். தங்கத்தாள் விலை உங்களுக்கே தெரியும். வரைபடம் துளியும் பிசகக்கூடாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பாக இருப்பதன் காரணம் அதுதான். மைசூர் ஓவியத்திலும் தங்கத்தாள் உண்டு, ஆனால் மேடு மிக மெல்லியதாக இருக்கும்.

சுருக்கமாக, திருத்த இடம் தராத வண்ணத்துக்கு முன்யோசனை அதிகம் வேண்டும். இடம் தருகிற வண்ணத்தில் யோசனையின் ஒரு பகுதியைக் கேன்வாஸுக்கே தள்ளிப்போடலாம்.

நடுவில் படம் மாறுவது

இவ்வளவு திட்டமிட்ட பிறகும் படம் மாறும். பிக்காசோவின் குவெர்னிகா இதற்கு நல்ல சாட்சி. ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் 1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. மே முதல் தேதி பிக்காசோ ஸ்கெட்ச் போடத் தொடங்கினார். ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம் முடிந்துவிட்டது. இடையில் தனித்தாள்களில் அவர் வரைந்த ஆயத்தப் படங்கள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. கேன்வாஸ் மாறிக்கொண்டே வந்ததை அவருடைய தோழியும் புகைப்படக் கலைஞருமான டோரா மார் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்துவைத்தார். தொடக்கப் படங்களில் முஷ்டியை உயர்த்திய ஒரு கை நிமிர்ந்து நிற்கிறது. முடிந்த ஓவியத்தில் அது இல்லை. முதலில் தலை தாழ்ந்திருந்த குதிரை, பிறகு தலையைத் தூக்கிக் கதறுகிறது.

ஸ்கெட்ச் போட்டுவிட்டால் பிறகு அதை நிரப்புவது மட்டும்தான் வேலை என்று நினைப்பவர்கள் அந்தப் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும். பெரிய அமைப்பு உறுதியாக இருந்ததால்தான் அவரால் உள்ளே இருப்பவற்றைத் துணிந்து மாற்ற முடிந்தது.

புதிதாக வரைபவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாதி வழியில் எல்லாப் படமும் அசிங்கமாகத்தான் இருக்கும். அடிவண்ணம் மட்டும் பூசிய முகம், இருட்டு வைக்காத பூக்கடை, இரண்டையும் பார்த்தால் கிழித்துப் போடத் தோன்றும். அப்போது டோன் ஸ்கெட்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், இருட்டு வர வேண்டிய இடங்களில் இன்னும் வராததுதான் குறை என்று தெரியும். வேலையைத் தொடருங்கள்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

நுணுக்கம் கூடக்கூடப் படம் முடிவை நெருங்குகிறது என்ற எண்ணமும் தவறுதான். அக்காவின் படத்தில் விரல்களும் நாரும் கூர்மையாக இருக்கின்றன. கோபுரமோ வெறும் மங்கலான பூச்சு, ஒரு பொம்மைகூடத் தெரியாது. அதையும் கூர்மையாக வரைந்திருந்தால் கண் அங்கே ஓடிவிடும், பூத்தொடுக்கும் கை தோற்றுவிடும். எதை வரையாமல் விடுவது என்பதும் தம்ப்நெயில் கட்டத்திலேயே எடுத்த முடிவு.

ஓவியர்கள் இதைச் சோதிக்கச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பார்கள், இடம் வலம் மாறியதும் பழகிப்போன பிழைகள் பளிச்சென்று தெரியும். சிலர் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, சில நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்து வைக்கப்போகும் தீற்று எதற்கு என்று சொல்ல முடியவில்லை என்றால் தூரிகையைக் கழுவிவிடலாம். நீர்வண்ணத்தில் இதை மீறினால் தண்டனை உடனே கிடைக்கும். அடிப்பூச்சு மறுபடி நனைந்து கலங்கி, நிறம் சேறாகிவிடும்.

'எவ்வளவு நேரம் ஆச்சு' என்ற கேள்வி ஓவியர்களுக்கு ஏன் சங்கடம் என்பதும் இங்கே புரியும். பூக்கடைப் படத்தில் தூரிகை தாளில் ஓடிய நேரம் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும். அதை வைத்து விலை பேசினால், தூக்கிப்போட்ட தம்ப்நெயில்களுக்கும் கோயில் வாசலில் நின்று பார்த்த நேரத்துக்கும் கணக்கே இல்லாமல் போகிறது. படத்தை நிற்கவைத்தவை அவைதான்.

முடிந்த பிறகு

கையெழுத்துப் போட்டால் வேலை முடியவில்லை. எண்ணெய் ஓவியத்துக்கு மேலே வார்னிஷ் பூசுவார்கள். தூசி, அழுக்கு படியாமல் காக்கும் ஒளி ஊடுருவும் மேல்பூச்சு அது. உள்ளே முழுவதும் இறுக வேண்டும் என்பதால் வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருந்து பூசுவார்கள். நீர்வண்ணப் படத்தைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், ஆனால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் படத்தைச் சுற்றி அகலமான அட்டை ஒன்று வைக்கிறார்கள். அதற்கு மவுன்ட் என்று பெயர். ஃபிரேம் கடையில் மவுன்ட் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். வெயில் நேராக விழும் சுவரிலும் மாட்டாதீர்கள், நீர்வண்ணங்களில் சில நிறங்கள் வெயிலில் வெளுத்துப்போகும்.